சத்தத்தை நம்பி வால்வு மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாகனப் பக்கத்தில் டர்போ கார்களில் போடும் புளோ-ஆஃப் வால்வைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டர்போ எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், கம்பெனி போட்டுக் கொடுத்த வால்வைக் கழற்றிவிட்டு, காற்றை வெளியே விடும் வால்வைப் போட்டால் பிக்கப் கூடும், 'புஸ்' என்று சத்தமும் கிடைக்கும் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஒரு வரியை நம்பி நாளைக்கே ஸ்பேனரை எடுப்பவர்கள் இருப்பார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் எடுத்தேன். என் பெட்ரோல் டர்போ காரில் இரண்டு வருடமாக நாலு விதமான வால்வுகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பை மாட்டி அளவுகளைப் பதிவு செய்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் இந்த வால்வு எதற்காக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், கட்டுரையில் அது ஒரே வரியில் போய்விட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்து ஓட்டும்போது என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான வாயு டர்போவின் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரெசர் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக என்ஜினுக்குத் தள்ளுகிறது. நல்ல பூஸ்டில், அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தம் அதிகமாக இருக்கும்போது, அந்தத் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், சின்ன டர்போக்கள் 2 லட்சத்தைக்கூடத் தொடும். இப்போது கியர் மாற்றுவதற்காகக் காலை எடுக்கிறோம், என்ஜினுக்குப் போகும் காற்றுக்குக் கதவு மாதிரி இருக்கும் த்ராட்டில் படக்கென்று மூடிக்கொள்கிறது. டர்போ அப்படி உடனே நிற்காது, அது பாட்டுக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. முன்னால் கதவு மூடியிருக்கிறது, பின்னாலிருந்து காற்று வந்துகொண்டே இருக்கிறது, நடுவில் இருக்கும் குழாயில் அழுத்தம் எகிறுகிறது. போக இடமில்லாத காற்று கம்ப்ரெசர் சக்கரத்தின் வழியாகவே திரும்பி ஓடப் பார்க்கும். பின்னால் கொஞ்சம் ஓடும், சக்கரம் மறுபடி முன்னால் தள்ளும், மறுபடி பின்னால் ஓடும். நொடிக்குள் பல தடவை இது நடக்கிறது. புறாக்கூட்டம் ஒன்றாகச் சிறகடித்தது போலப் படபடவென்று கேட்பது இதுதான். சர்ஜ் என்பார்கள்.

இந்தப் படபடப்பைக் கேட்டால் டர்போ உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் மிகைதான். குறைந்த பூஸ்டில் காலை எடுக்கும்போது லேசாக வரும் படபடப்பு ஒரு நாளில் எதையும் கெடுத்துவிடாது, பழைய பந்தய வண்டிகள் பல இந்த வால்வே இல்லாமல் ஓடியிருக்கின்றன. ஆனால் பூஸ்ட் ஏற ஏற, ஒவ்வொரு கியருக்கும் அந்தத் தண்டு முன்னும் பின்னும் தள்ளப்பட, அந்தத் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்தான் அடி வாங்குகிறது. தினமும் ஓட்டும் வண்டியில் அந்த அடியை நாம் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

அதற்காகத்தான் இன்டர்கூலருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவிலோ, டர்போவின் உடம்பிலேயேவோ ஒரு வால்வை வைக்கிறார்கள். அதன் தலைக்கு, த்ராட்டிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) ஒரு சின்ன ஹோஸ் வரும். த்ராட்டில் மூடியதும் மேனிஃபோல்டில் வாக்குவம் உண்டாகும், அந்த வாக்குவம் வால்வுக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வையோ பிஸ்டனையோ ஸ்பிரிங்கை மீறி மேலே இழுக்கும், கீழே இருக்கும் அழுத்தமும் சேர்ந்து தள்ளும், வால்வு திறந்துகொள்ளும், தேங்கிய காற்று வால்வின் வகையைப் பொறுத்து வெளியேயோ, திரும்ப டர்போவின் வாய்க்கோ போய்விடும். அவ்வளவுதான் அதன் வேலை. வால்வு திறப்பதே நாம் காலை எடுத்த பிறகுதான். காலை எடுத்த பிறகு வேலை செய்யும் ஒரு பொருள், மிதித்திருக்கும்போது எப்படிக் குதிரைசக்தியைக் கூட்டும்? இருந்த வால்வு ஓட்டையாகி பூஸ்ட் கசிந்துகொண்டிருந்தால், புது வால்வு போட்டதும் பிக்கப் வந்தது போலத் தெரியும். போன சக்தி திரும்பி வந்ததைப் புதுச் சக்தி என்று கணக்கு எழுதிக்கொள்கிறோம்.

என் வண்டியில் நடந்ததும் அதேதான். முதலில் இருந்தது கம்பெனியின் பிளாஸ்டிக் வால்வு, காற்றைத் திரும்ப டர்போவின் வாய்க்கே அனுப்பும் வகை. வண்டி கொஞ்ச நாளாக மந்தமாக இருந்தது. 1 பார் வர வேண்டிய பூஸ்ட் 0.7-ஐத் தாண்டவில்லை. வால்வைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கட்டை விரலால் பிளஞ்சரை (மேலும் கீழும் நகரும் அடைப்பு) உள்ளே அழுத்தி, வாக்குவம் ஹோஸ் மாட்டும் மூக்கை ஆள்காட்டி விரலால் அடைத்துக்கொண்டு, பிளஞ்சரை விட்டேன். நல்ல வால்வாக இருந்தால் அது உள்ளேயே நிற்க வேண்டும், மூக்கிலிருந்து விரலை எடுத்தால்தான் 'டப்' என்று வெளியே வர வேண்டும். என்னுடையது மூக்கை அடைத்திருக்கும்போதே மெதுவாக, மூச்சு விடுவது போல, வெளியே வந்துவிட்டது. உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது மடிப்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. அந்தக் கோடு வழியாகத்தான் 0.3 பார் போய்க்கொண்டிருந்தது. இந்தச் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம், இரண்டு விரல் போதும். டயாஃப்ரம் வகை வால்வு இருக்கும் யாரும் புதுசு வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பார்க்கலாம்.

சரி, கிழிந்ததை மாற்றத்தான் வேண்டும், மாற்றுவதை உலோகத்தில் மாற்றுவோம் என்று இரண்டாவதாக அலுமினிய பிஸ்டன் வால்வு ஒன்றைப் போட்டேன், இதுவும் காற்றைத் திரும்ப அனுப்பும் வகைதான். பூஸ்ட் 1 பாருக்குத் திரும்பியது. கம்பெனி வால்வு புதுசாக இருந்திருந்தால் அதுவும் 1 பார்தான் தந்திருக்கும், அதைப் பிற்பாடு ஒரு புது பிளாஸ்டிக் வால்வை வாங்கிப் போட்டும் பார்த்துவிட்டேன், பதிவில் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. உலோக வால்வில் ரப்பர் கிழியும் பயம் இல்லை, ஆனால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை எப்படியும் டர்போவின் வாய்க்குத்தான் போகிறது, அந்த எண்ணெய்ப் பிசுக்கு இந்தக் குழாய்களில் எல்லாம் படிகிறது, தூசி சேர்ந்து பசை போல ஆகிவிடுகிறது. அவ்வப்போது கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஒருநாள் பாதி திறந்தபடி நிற்கும்.

மூன்றாவதாகத்தான் கட்டுரை சொன்ன அந்த வெளியே விடும் வகையைப் போட்டேன். இங்கேதான் கட்டுரை விட்டுவிட்ட விஷயம் வருகிறது, இந்தக் கடிதத்தையே அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் வண்டி உள்ளே போகும் காற்றை எப்படி எண்ணுகிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் வால்வில் கை வைக்கவே கூடாது. இரண்டு வழி உண்டு. ஒன்று, ஏர் ஃபில்டருக்கு அடுத்து, டர்போவுக்கு முன்னால் ஒரு ஏர்ஃப்ளோ சென்சார், மாஃப் என்பார்கள், வைத்து அதன் வழியாகப் போகும் காற்றை நொடிக்கு இத்தனை கிராம் என்று நேரடியாக அளப்பது. இன்னொன்று, மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தம், வெப்பம், என்ஜின் சுற்று மூன்றையும் பார்த்து, இவ்வளவு காற்றுதான் சிலிண்டருக்குள் போயிருக்கும் என்று கணக்கிடுவது, அதற்கு மேப் சென்சார். இரண்டாவது வகையில் த்ராட்டிலுக்கு முன்னால் நீங்கள் காற்றை வெளியே விட்டாலும், என்ஜினை நடத்தும் கணினியான ஈசியூவுக்குக் கவலை இல்லை, அது பார்ப்பது த்ராட்டிலுக்கு அந்தப் பக்கம். முதல் வகையில் அப்படி இல்லை. மாஃப் சென்சார் ஒரு காற்றை எண்ணிவிட்டால், அது என்ஜினுக்குள் போய்ச் சேரும் என்று நம்பித்தான் ஈசியூ பெட்ரோலை அளக்கிறது. எண்ணிய காற்றை நடுவழியில் வெளியே விட்டால் பெட்ரோல் மட்டும் மிஞ்சும்.

இது ஒரே என்ஜினிலேயே இரண்டு விதமாகவும் வரும் என்பதற்கு டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட்-ஜிடிஇ நல்ல உதாரணம். 1993-இல் வந்த அந்தத் தலைமுறை சுப்ராவில், ஜப்பானில் விற்றவை மேப் சென்சாரோடும் அமெரிக்காவில் விற்றவை ஏர்ஃப்ளோ சென்சாரோடும் வந்தன. பெயர் ஒன்று, என்ஜின் ஒன்று, ஆனால் ஒருவர் வண்டியில் ஒழுங்காக ஓடிய வால்வு இன்னொருவர் வண்டியில் மிஸ்ஸிங் கொடுக்கலாம். "என் நண்பன் இதே காரில் போட்டிருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சு ஏன் செல்லாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

என் வண்டி மாஃப் வகை. எனக்கு அது தெரியும், இருந்தும் ஒரு நிமிடக் கணக்குதானே, ஈசியூ சமாளித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். முதல் நாள் சத்தம் அருமையாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். மூன்றாவது கியரில் இழுத்து, காலை எடுத்து, கிளட்ச்சை மிதித்தால் நீளமாக ஒரு பெருமூச்சு. இரண்டாவது நாள் ஒரு வளைவுக்கு முன்னால் அதே மாதிரி இழுத்துவிட்டுக் காலை எடுத்துக் கிளட்ச்சை மிதித்தேன், சுற்று 3000, 2000, 1000 என்று இறங்கி, ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடும் சுற்றில்) நிற்காமல் நேராகக் கீழே போய் என்ஜின் அணைந்துவிட்டது. ஸ்டீயரிங் கல் மாதிரி ஆனது. பிரேக் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வாக்குவத்தில் இரண்டு மூன்று மிதிக்கு பிரேக் பிடிக்கும் என்பது தெரிந்ததால் பதறவில்லை, ஓரமாக நிறுத்தினேன். ஆனால் அந்த வளைவில் எதிரே ஒரு வண்டி வந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் கை வியர்க்கிறது. பக்கத்து சீட்டில் என் மகள் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து பதிவை ஓட்டிப் பார்த்தேன். ஐடிலில் நொடிக்கு 3 கிராம் காட்டும் மாஃப் சென்சார், த்ராட்டில் முழுக்க மூடிய அந்தக் கணத்தில் 20 கிராமுக்கு மேல் காட்டிக்கொண்டிருக்கிறது. என்ஜின் அவ்வளவு காற்றைக் குடிக்கவே இல்லை. வேகம் அடங்காத டர்போ இழுத்து, சென்சார் எண்ணி, வால்வு வெளியே துப்பிய காற்று அது. ஈசியூ அந்த எண்ணை நம்பியது. பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். என் சைலன்சரில் மாட்டியிருந்த, இந்த விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார், சுற்று இறங்கும் அந்த இடத்தில் 10-ஐத் தொட்டு நின்றது, அதற்குக் கீழே அந்தச் சென்சாருக்கே அளக்கத் தெரியாது. ஊறிப்போன பிளக் எப்படி எரியும்? பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது நாலும் விளக்குக்கரி பூசியது போல இருந்தன. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் அங்கே பற்றிக்கொண்டால் 'டப்' என்று வெடிச்சத்தம் வரும், சிலர் அதையும் சேர்த்து ரசிக்கிறார்கள். ரசிக்கும்போது உள்ளே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறி உருகிக்கொண்டிருக்கலாம். அதை மாற்றும் செலவுக்கு இந்த மாதிரி வால்வு எத்தனையோ வாங்கலாம்.

சரி, வெளியே விட்டால் பெட்ரோல் மிஞ்சுகிறது, அப்படியானால் வால்வு எளிதில் திறக்காதபடி ஸ்பிரிங்கை இறுக்கிவிடலாமே என்று அடுத்து தோன்றும். எனக்கும் தோன்றியது, பல மெக்கானிக்குகளும் அதைத்தான் சொல்கிறார்கள், கூடவே "அதிக பூஸ்டுக்கு அதிக டென்ஷன் வேண்டும்" என்ற விளக்கமும் வரும். யோசித்துப் பாருங்கள்: ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருக்கும்போது த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கிறது, குழாயில் 1 பார் இருந்தால் மேனிஃபோல்டிலும் கிட்டத்தட்ட 1 பார்தான் இருக்கும், அதே 1 பார் அந்தச் சின்ன ஹோஸ் வழியாக வால்வின் தலைக்கு மேலே போய் உட்கார்ந்து கீழே அமுக்குகிறது. மேலேயும் கீழேயும் ஒரே அழுத்தம். ஸ்பிரிங் தாங்க வேண்டியது இரண்டு பக்கப் பரப்பிலும் இருக்கும் சின்ன வித்தியாசத்தை மட்டும்தான். பூஸ்டை 1.5 ஆக்கினால் மேலேயும் 1.5 ஆகும். பாதி மிதித்திருக்கும்போது மட்டும் மேனிஃபோல்டில் அழுத்தம் குழாயைவிடக் குறைவாக இருக்கும், அப்போது தளர்ந்த ஸ்பிரிங் கொஞ்சம் வழிவிடலாம், உண்மைதான். திரும்ப அனுப்பும் வகையில் அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

இறுக்கினால் என்ன ஆகும் என்றால், ஐடில் வாக்குவத்துக்கும் சின்ன பூஸ்டுக்கும் வால்வு திறக்காது. டவுனுக்குள் மெதுவாக ஓட்டும்போதெல்லாம் படபடப்புதான். தளர்த்தினால் வேறொரு தொல்லை, அது இன்னும் மோசமானது, வெளியே விடும் வகையில் மட்டும் வருவது. ஐடிலிங்கில் வாக்குவம் அதிகம், தளர்ந்த வால்வு அப்போதே திறந்து நிற்கும். அந்த நேரத்தில் டர்போ ஒன்றும் தள்ளவில்லை, என்ஜின்தான் இழுக்கிறது, அதனால் வால்வின் வாய் வழியாகக் காற்று உள்ளே போகும், சென்சார் எண்ணாத காற்று, ஃபில்டர் காணாத காற்று. ஐடில் ஏறி இறங்கி ஊஞ்சலாடும், தூசி நேராக சிலிண்டருக்குப் போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: என்ஜின் ஐடிலில் ஓடும்போது கேலண்டர் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து வால்வின் வாய்க்கு முன்னால் பிடியுங்கள், கையையும் சட்டையையும் பெல்ட், ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு. தாள் அசையாமல் தொங்கினால் நல்லது. என்னுடையதில் தாள் மடிந்து வாயில் ஒட்டிக்கொண்டது. ஒரு நூலளவு ஒட்டிக்கொண்டாலும் அந்த அமைப்பு சரியில்லை என்றுதான் அர்த்தம்.

இறுக்கினாலும் தவறு, தளர்த்தினாலும் தவறு என்று ஒரு வாரம் அந்தத் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தேன், ஒவ்வொரு நாளும் கால் சுற்று. கடைசியில் குறை திருகில் இல்லை. வால்வைப் பொருத்திக்கொடுத்தவர், மேனிஃபோல்டிலிருந்து தனி ஹோஸ் இழுக்காமல், டேஷ்போர்டில் இருக்கும் பூஸ்ட் மீட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு அங்கிருந்து வால்வுக்கு எடுத்திருந்தார். உள்விட்டம் 3 மில்லிமீட்டர் இருக்கும், சுற்றிச் சுற்றி இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். த்ராட்டில் மூடியதும் அந்த நீள ஹோஸ் முழுவதும் இருக்கும் அழுத்தம் காலியாகி வாக்குவம் ஆன பிறகுதான் வால்வுக்குச் சேதி போய்ச் சேரும். அதற்குள் படபடப்பு நடந்து முடிந்துவிடும், அப்புறம் வால்வு தாமதமாகத் திறந்து, தாமதமாக மூடும். டி-ஜாயின்ட்டை எடுத்துவிட்டு, மேனிஃபோல்டிலேயே வேறொரு மூக்கிலிருந்து 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள கெட்டி ஹோஸை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நேராக மாட்டினேன், இரண்டு முனைக்கும் கிளாம்ப். ஸ்பிரிங்கைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். படபடப்பு அன்றே நின்றது. இத்தனை மாற்றங்களில் நிஜமாகவே பலன் தந்தது எது என்று யாராவது கேட்டால், அந்த ஒரு சாண் ரப்பர் ஹோஸைத்தான் சொல்வேன். நடுவில் ஒருவழி வால்வு இருக்கும் பிரேக் பூஸ்டர் ஹோஸிலிருந்தும் எடுக்கக் கூடாது, பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் ஹோஸிலிருந்தும் எடுக்காமல் இருப்பது நல்லது.

நாலாவதாகப் போட்டது பாதியை வெளியேயும் பாதியைத் திரும்பவும் அனுப்பும் இரட்டை வாய் வால்வு. சத்தமும் வேண்டும், வண்டியும் அணையக் கூடாது என்பவர்களுக்கு இதைச் சொல்கிறார்கள். என் வண்டியில் அணைவது நின்றது, பெட்ரோல் மிஞ்சுவது குறைந்தது, ஆனால் முழுக்க நிற்கவில்லை. அளவு கூட்டிச் சொல்ல விரும்பவில்லை: பதிவில் 10-ஐத் தொட்டு நின்றது 12 பக்கம் வந்தது, அவ்வளவுதான். மூன்று மாதம் ஓட்டிவிட்டு, திரும்ப அனுப்பும் உலோக வால்வையே மாட்டிவிட்டேன். இன்றுவரை அதுதான் இருக்கிறது. திரும்ப அனுப்பினால் டர்போ வேகம் குறையாமல் அடுத்த கியரில் சீக்கிரம் பூஸ்ட் வரும் என்றும் சொல்வார்கள், அது காகிதத்தில் சரிதான், ஆனால் நாலு வால்வின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் படவில்லை.

மாஃப் இருந்தும் வெளியே விடத்தான் வேண்டும் என்றால் அதற்கும் ஒழுங்கான வழி இருக்கிறது. சென்சாரையே இன்டர்கூலருக்கு அப்பால், வால்வைத் தாண்டி, த்ராட்டிலுக்குச் சற்று முன்னால் நகர்த்தி வைத்தால், வெளியே போன காற்றை அது எண்ணவே எண்ணாது. அல்லது ஈசியூவை மேப் கணக்குக்கு மாற்றி ட்யூன் செய்யலாம். இரண்டுமே தெரிந்தவர் கையில், வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் டைனோவில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. வால்வு ஒன்றை மாட்டிவிட்டு ஈசியூ பழகிக்கொள்ளும் என்று அனுப்பிவைப்பது வேலை ஆகாது. ஈசியூ சராசரியைப் பழகும், கண நேரத்தில் வந்து போகும் பொய்க்கணக்கை அதனால் பழக முடியாது.

இன்றைய வண்டிகள் பலவற்றில் இந்த வால்வு வாக்குவத்தை நம்பியே இல்லை, டர்போவின் உடம்பிலேயே மின்சாரத்தில் இயங்கும் வால்வாக உட்கார்ந்திருக்கிறது, எப்போது திறக்க வேண்டும் என்று ஈசியூ சொல்கிறது. அதற்கும் டர்போவுக்கும் நடுவில் ஒரு உலோகத் தட்டை வைத்து காற்றில் ஒரு பகுதியை வெளியே விடும்படி விற்கிறார்கள். அதிலும் முதலில் கேட்க வேண்டியது அதே கேள்விதான்: மாஃபா, மேப்பா?

டீசல் வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், உங்கள் கட்டுரை டீசலையும் சேர்த்தே பேசியது. டீசல் என்ஜினில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது டீசலின் அளவுதான், காற்றை அடைக்கும் த்ராட்டில் இல்லை. சிலவற்றில் ஒரு மடல் இருக்கும், அது முக்கியமாகப் புகையைத் திருப்பி என்ஜினுக்கே அனுப்பும் வேலைக்கும் என்ஜினை அதிராமல் நிறுத்துவதற்கும்தான். காலை எடுத்தாலும் டர்போ தள்ளும் காற்று சிலிண்டருக்குள் போய்க்கொண்டே இருக்கும், மாட்டிக்கொள்ள இடமே இல்லை. ஆகவே வால்வுக்கு அங்கே வேலை இல்லை. சத்தத்துக்காகவே ஆக்சிலரேட்டர் பெடலில் ஒரு ஸ்விட்ச் வைத்து, சோலனாய்டு மூலம் வால்வைத் திறக்கும் ஏற்பாடு ஒன்று விற்கிறது. அது திறப்பது நல்ல அழுத்தத்தில் இருக்கும் குழாயை. சரியாக மூடாமல் போனால் பூஸ்ட் கசியும், கரும்புகை வரும், மைலேஜும் விழும். ஒரு கோளாறும் இல்லாத இடத்தில் கோளாறைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுவது இது.

அப்புறம், எந்த வால்வை மாற்றினாலும் அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு டர்போவின் வாயை அடைத்து, வழக்கமாக ஓடும் பூஸ்டுக்கு மேல் போகாமல் காற்றை ஏற்றி, ஒவ்வொரு ஹோஸ் இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவினால் நுரை எங்கே பொங்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். நான் செய்தபோது வால்வில் ஒன்றும் இல்லை, இன்டர்கூலரின் கீழ் ஹோஸில், கிளாம்ப் சாய்ந்திருந்த இடத்தில் நுரை வந்தது. அதை மட்டும் முதலிலேயே பார்த்திருந்தால் பாதி நாட்கள் மிச்சமாகியிருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் அதே சாலையில் அதே கியரில் ஓட்டிப் பதிவு எடுங்கள். ஸ்பிரிங், ஹோஸ், வால்வு மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது சரி செய்தது, எது கெடுத்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

வால்வு மாற்றிப் பார்ப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. வண்டியைத் தொட்டுப் பார்த்துத்தான் அதைப் புரிந்துகொள்ள முடியும், என் மகளுக்கும் அந்த பிளஞ்சர் சோதனையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இப்போது அவளே கழற்றிப் பார்க்கிறாள். ஆனால் இவ்வளவு பேர் படிக்கும் பத்திரிகையில் "பிக்கப் கூடும்" என்று வந்தால் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அடுத்த வார வாகனப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள பெட்ரோல் டர்போ காரில் காற்றை வெளியே விடும் வால்வைப் போட்டால் ஓடும்போதே என்ஜின் அணையக்கூடும் என்பதையும், டீசல் காருக்கு இந்த வால்வு தேவையே இல்லை என்பதையும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால் அந்தத் தாள் துண்டுச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் நாளைக் காலையே பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களில் ஒருவன்